முப்பத்திரண்டு அங்குல இடுப்பு

போன வாரம் மாஸ்டரை ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஆள் வீடு திரும்பி ஏழு நாள் ஆகிறது. மனசு மட்டும் இன்னும் அந்த வராந்தாவிலேயே நிற்கிறது.

இடையில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. மாஸ்டரின் அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவள், மதுவை முகர்ந்துகூடப் பார்க்காதவள். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கல்லீரலில் எப்போது கொழுப்பு சேர்ந்தது, எப்போது அது தழும்பாக இறுகியது என்று யாருக்கும் தெரியாது. வலித்திருந்தால் தெரிந்திருக்கும், வலிக்கவில்லை. வயிற்றில் நீர் கோத்து இரண்டு முறை எடுத்தாகிவிட்டது. கூடப் பிறந்தவர் யாராவது தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்தால் பிழைப்பாள்.

கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரியவர்தான் நம் மாஸ்டர். தையல்காரர், ஒல்லி, டீயைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவர். சின்னவன் வீடு காலி செய்கிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். பீரோவைத் தனி ஆளாக முதுகில் சுமந்து மாடி ஏறுவான், பார்ப்பதற்கும் அப்படியேதான் இருப்பான். அதனால் எல்லோருக்கும் அவன் பீரோ. இரண்டு பேரில் மாஸ்டர் கல்லீரல்தான் தேறும் என்பதில் குடும்பத்தில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

டாக்டர் மட்டும் வேறு மாதிரி சொல்லிவிட்டார். "சின்னவருக்குச் சுத்தமா இருக்கு. பெரியவருக்குக் கொழுப்பு அதிகம். இப்போதைக்கு எடுக்க முடியாது."

"டாக்டர், நான் குடிக்கவே மாட்டேனே!"

"குடிக்காமலும் வரும். சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு, தொப்பை, இதெல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க. ஒருத்தர் உள்ள வந்தா மத்தவங்களையும் கூட்டிட்டு வந்துடுவாங்க. உங்களுக்கே சர்க்கரை எல்லையில நிக்குது."

"எனக்குத் தொப்பை ஏது? முப்பத்திரண்டு இடுப்பு."

"யாரு அளந்தாங்க?"

"நானே தையல்காரன் டாக்டர்!" என்று மாஸ்டர் கொஞ்சம் சூடாகவே சொன்னார். டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஒழுங்காக நடந்து, இனிப்பைக் குறைத்து, ஆறேழு கிலோ எடையை இறக்கினால் மறுபடி பார்க்கலாம், ஆனால் அக்காவுக்கு அந்த மூன்று மாதம் இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது என்றார். மாஸ்டருக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

*

இன்று காலை ஒன்பதரை மணி. கடையில் மாஸ்டர் தனியாக ஒரு சட்டைத் துணியை மேசையில் விரித்து, சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

அக்கா விஷயமாக எந்தப் போன் வந்தாலும் தனக்குத்தான் வர வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார் மாஸ்டர். தம்பி நம்பரைக்கூட அவர் கொடுக்கவில்லை. "அவன் எப்பவும் மாடிப்படியில இருப்பான், எடுக்க மாட்டான்" என்று காரணமும் சொல்லி வைத்திருந்தார்.

"சார், உங்க தம்பியை இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள வரச் சொல்லுங்க. கடைசி ஸ்கேன். இனிமே எதுவும் சாப்பிடாம வரணும். நாளைக்குக் காலைல டாக்டருங்க எல்லாரும் உட்கார்ந்து முடிவு பண்றாங்க. இதை விட்டா அடுத்த வாரம்தான்."

"சரிங்கம்மா."

"கொடுத்து வச்சவர் சார் உங்க தம்பி. கல்லீரல் கண்ணாடி மாதிரி இருக்குன்னு டாக்டரே ஆச்சரியப்பட்டார்."

மாஸ்டர் போனை வைத்தார். கண்ணாடி மாதிரியாமே! தடியனுக்கு! கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று, கல்யாண வயது வரைக்கும் அக்காவிடம் அடி வாங்கியவனுக்கு!

உடனே தம்பியைக் கூப்பிடத்தான் நினைத்தார். இந்தக் காலரை மட்டும் வெட்டிவிடலாம் என்று வெட்டினார். காலர் ஆனதும் கை, கை ஆனதும் பாக்கெட். மறந்துபோனார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. அவருக்குப் பொறாமை. அதற்கு வேறு மரியாதையான பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அவர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தக் கடையில் ஓடுகிற முதல் மெஷின் அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. "பெரியவன் கை பட்டா துணி பேசும்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அக்கா. அவளுக்கு ஒன்று திருப்பிக் கொடுக்க வாழ்க்கையில் ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. அதுவும் வரிசை தாண்டி சின்னவனுக்குப் போய்விட்டது. முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பக்கத்துக் கட்டில் அம்மாள் பீரோவைக் காட்டி, "இந்தத் தம்பிதான் உயிர் கொடுக்கப் போகுதா? நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மாஸ்டர் அப்போது அக்காவின் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நின்றார். அவரை யாரும் கும்பிடவில்லை.

பதினோரு மணி ஆயிற்று. ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்று மனசு மெதுவாகக் கேட்டது. அந்த ஒரு வாரத்தில் ஒன்றரை கிலோ குறைக்கலாமே என்றும் சொல்லிக் கொடுத்தது.

*

பதினொன்றே முக்காலுக்குக் கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுக்க மாஸ்டர் குனிந்தார். டப்பென்று பேன்ட் கொக்கி தெறித்து, இஸ்திரி மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். அதே கடையில் பொத்தான் வைப்பதும், ஓரம் மடித்துத் தைப்பதும், இஸ்திரி போடுவதும் அவள் வேலை. "கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல வச்சுத் தரேன்."

மாஸ்டர், துணி போட்டுப் பார்க்கிற மறைப்புக்குள் போய், பேன்ட்டைத் திரைக்கு மேலாக நீட்டினார். இடுப்பில் யாரோ வாடிக்கையாளரின் சட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டார்.

கொக்கி வைப்பதற்காகப் பேன்ட்டை உள்பக்கம் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கத் தையலுக்குப் பக்கத்தில் ஊசி போன பழைய ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு வரிசை அல்ல, மூன்று. ஒவ்வொன்றாகப் பிரித்து, பிரித்து, வெளியே தள்ளித் தைத்திருந்தது.

"என்னங்க, இதை எத்தனை தடவை பிரிச்சு விட்டிருக்கீங்க?"

"துணி சுருங்கிடுச்சு."

"உடம்பு பெருத்தா துணி சுருங்கத்தான் செய்யும்." அவள் அலமாரியில் மடித்து வைத்திருந்த அவருடைய இன்னொரு பேன்ட்டையும் எடுத்து உள்பக்கம் திருப்பினாள். அதிலும் இரண்டு வரிசை. "புதுசா தைக்கிறப்போ உங்களுக்கு எப்படி அளவு எடுப்பீங்க?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பழசை மேல வச்சு வெட்டிடுவேன். எதுக்கு அளக்கணும்? என் அளவுதான் எனக்குத் தெரியுமே."

விஷயம் இதுதான். ஒரு பேன்ட்டைப் பிரித்து விடுவார். பிரித்து விட்டதை மேலே வைத்துப் புதியதை வெட்டுவார். அது இறுகினால் அதையும் பிரித்து விடுவார். பிறகு அதை வைத்து அடுத்தது. கடைக்குப் போய் வாங்குகிறவனாக இருந்தால் ஒரு நாள் பழைய அளவு நுழையாமல் நின்று திகைத்திருப்பான். மாஸ்டருக்கு அந்தத் திகைப்பு வரவே இல்லை. எந்தப் பேன்ட்டும் அவரை இறுக்கியதில்லை, எல்லாம் கச்சிதம். அளவு நோட்டில் அவர் பெயருக்கு நேரே கல்யாணத்துக்கு முந்தின வாரம் எழுதிய 32 இன்னும் அப்படியே இருக்கிறது.

மனைவி கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு திரைக்குள் கை விட்டாள். "மூச்சை இழுக்காதீங்க. விடுங்க. விடுங்கன்னு சொல்றேன்ல?"

முப்பத்தேழரை.

"தப்பா பிடிச்சிருக்க."

"பதினெட்டு வருஷமா டேப் பிடிக்கிறேன். கை காலெல்லாம் குச்சி, மொத்தமும் நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு. ஒரு நாளைக்கு எட்டு டீ, டீக்கு மூணு கரண்டி சர்க்கரை, கூடவே பிஸ்கட். காலையிலேர்ந்து நின்ன இடத்துலயே வேலை. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மனுஷன் உங்களை மட்டும் அளக்கவே இல்லையே!"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அக்காவுக்கும் இப்படித்தான் சத்தமில்லாமல் ஆரம்பித்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மாஸ்டருக்கும் தோன்றியது.

மேசை மேல் இருந்த அவர் போன் அடித்தது. மாஸ்டர் திரைக்குள்ளிருந்து கையை நீட்டினார், எட்டவில்லை. பேன்ட் இல்லாமல் வெளியே வரவும் முடியாது. மனைவி எடுத்துவிட்டாள்.

"ஆமாம்மா, அவர் வீட்டுக்காரம்மாதான்... யாரு, தம்பியா? கிளம்பிட்டாரான்னா? எங்க கிளம்பணும்?... காலைல ஒன்பதரைக்கா?"

அதன் பிறகு "சரிங்கம்மா, வந்துடுவார்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். கொக்கி வைக்காத பேன்ட்டைத் திரைக்கு மேலாகப் போட்டாள்.

"பெல்ட் கட்டிட்டுக் கிளம்புங்க."

"இல்ல, வேலையில மறந்து..."

"இடுப்பை மறைச்சீங்க, அது உங்க உடம்பு, பேசிக்கலாம். இதை எதுக்கு மறைச்சீங்க? ரெண்டு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்ல. தம்பி சாப்பிட உட்கார்ந்துட்டார்னா போச்சு. படியில இருக்கிறப்ப போன் எடுக்க மாட்டார், நீங்களே நேர்ல போங்க. எத்தனை மணிக்கு வந்த போன்னும் நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் வெளியே வந்தபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

*

பீரோ அன்று நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலையாக இருந்தான். லிப்ட் பழுது. மாஸ்டர் முதல் மாடி ஏறியதும் மூச்சு வாங்கினார், இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து ஒரு துணி துவைக்கும் மெஷினை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவன் அவரைத் தாண்டிப் படியிறங்கினான். தம்பியும் இப்படித்தான் ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்குகிறான் என்று முதல் முறையாக அவருக்குக் கணக்குப் புரிந்தது.

நான்காவது மாடியில், காலியான கூடத்தின் நடுவே, மடித்த அட்டைப் பெட்டி மேல் பீரோ உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சாப்பிடாதே!" மாஸ்டர் வாசலிலிருந்து கத்தினார். கத்தியதில் மீதி மூச்சும் போய்விட்டது.

"என்ன அண்ணா? அக்காவுக்கு ஏதாவதா?"

"இல்ல... ஸ்கேன்... ரெண்டு மணிக்கு... வெறும் வயிறு. காலைல எப்ப சாப்பிட்ட?"

"ஆறரைக்கு. இன்னிக்கா ஸ்கேன்? எப்ப சொன்னாங்க?"

மனைவி சொல்லி அனுப்பியது தொண்டை வரைக்கும் வந்தது. "இப்பதான்" என்றார் மாஸ்டர்.

பீரோ பாத்திரத்தை மூடினான். பசி முகத்தில் தெரிந்தது, ஆனாலும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. கூட வேலை பார்ப்பவனிடம் பாத்திரத்தைக் கொடுத்து, "நீ சாப்பிடு" என்றான். அதுகூட மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை முணுமுணுத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

*

சாமான் ஏற்றுகிற வேனைப் பீரோவே ஓட்டினான். முன் இருக்கையில் அவன் பாதிக்கு மேல் இருந்தான். மீதியில் மாஸ்டர், பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி.

"ஆபரேஷன் ஆனா ஆறு மாசம் கனம் தூக்கக் கூடாதாம். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். சாமான் பட்டியல் எழுதுற வேலை தரேன்னார். என் கையெழுத்தைப் பார்த்தா அவரே துரத்திடுவார்" என்று பீரோ சிரித்தான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"போன வாரம் டாக்டர் உனக்கு இல்ல, எனக்குத்தான்னு சொன்னார்ல? வெளியில வருத்தமா நின்னேன். உள்ளுக்குள்ள எனக்கு ஒரே சந்தோஷம். முதல் தடவையா உன்னை ஜெயிச்சுட்டேன்னு. அக்கா கட்டில்ல கிடக்குறா, உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றாங்க, நான் சந்தோஷப்படுறேன். என்ன பிறவி பாரு நான்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சின்ன வயசுலேர்ந்து உன்னைப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கேன் அண்ணா. உனக்கு மெஷின். எனக்கு அடி. சரி, அடி வாங்குற மாதிரிதான் நானும் இருந்தேன். ஒரு வாரமா அந்தச் சந்தோஷம் தொண்டையில உறுத்திட்டே இருந்தது. சொல்லிட்டேன், போச்சு."

அவனுக்குப் போயிற்று. மாஸ்டருக்கு வந்து சேர்ந்தது. உள்ளே வைத்திருந்ததை இவன் இரண்டு நிமிடத்தில், சிக்னலில் நிற்கிற நேரத்தில், கொட்டிவிட்டு லேசாகிவிட்டான். தம்பியிடம் சுத்தமாக இருப்பது கல்லீரல் மட்டும்தான் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்!

போன் அடித்தது. அக்கா. வேனின் சத்தத்தில் அவள் மெலிந்த குரல் காதில் விழாது என்று மாஸ்டர் ஸ்பீக்கரைப் போட்டார். தம்பி பக்கத்தில் இருப்பதைச் சொல்வதற்குள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பெரியவனே, நர்ஸ் சொன்னா. சின்னவனுக்கு இன்னிக்குக் கடைசி டெஸ்டாமே. அவன் வேண்டாம்டா."

பீரோவின் கை ஸ்டியரிங்கில் அசையாமல் நின்றது.

"ஏன்க்கா?"

"அவனுக்கு நான் என்ன செஞ்சிருக்கேன்? திட்டினேன், அடிச்சேன். வாங்கிக் குடுத்ததெல்லாம் உனக்குத்தான். இப்ப அவன் வயித்தைக் கிழிச்சு எடுத்துக்க எந்த முகத்தோட கை நீட்டுறது? அவன் தூக்கிப் பிழைக்கிறவன். எனக்கு உன்னுதுதான் வேணும். மூணு மாசத்துல சரியாகிடும்னாங்களாமே உனக்கு? நான் காத்திருக்கேன்டா. நீயே குடு."

ஒரு வாரமாக இந்த வார்த்தைக்குத்தான் மாஸ்டர் ஏங்கினார். நீயே குடு. கேட்டுவிட்டார். கூடவே, போன வாரம் காதில் விழாத டாக்டரின் மறுபாதியும் இப்போது சேர்ந்து கேட்டது.

பக்கத்தில் தம்பி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். வெறும் வயிற்றோடு ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றார் மாஸ்டர். "உனக்கு மூணு மாசம் இல்ல. எனக்கு இடுப்பு முப்பத்தேழரை. ரெண்டும் உண்மை."

"என்னடா உளர்ற?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. காலைல ஒன்பதரைக்கே ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தது. நான் இவன்கிட்ட சொல்லல. பன்னிரண்டரை வரைக்கும் சொல்லல. அப்பவும் நானா சொல்லல, வீட்டுல கண்டுபிடிச்சுத் துரத்தினதால போய்ச் சொன்னேன். இப்பதான் போன் வந்துச்சுன்னு பொய் வேற சொன்னேன். உனக்கு அவன் கொடுக்கிறதை என்னால பார்க்க முடியலக்கா. பொறாமை. இன்னிக்கு விட்டிருந்தா உனக்கு ஒரு வாரம் போயிருக்கும். உன் பெரியவன் அந்த ஒரு வாரத்தை எடுத்து ஒளிச்சு வச்சிருந்தான். என்னைப் போய்க் கேட்கிறியே."

வேன் மெதுவாக ஓரம் கட்டி நின்றது. பீரோ எஞ்சினை அணைத்தான். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போனில் அக்காவின் மூச்சு மட்டும் வந்தது. கோபமா, களைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"நான் பேசினதெல்லாம் கேட்டானா?"

"கேட்டான்க்கா."

"போனை அவன்கிட்ட குடு. ஸ்பீக்கரை அணைச்சுட்டுக் குடு."

மாஸ்டர் அணைத்துக் கொடுத்தார். பீரோ போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினான். கதவைச் சாத்திவிட்டு வேனின் பின்பக்கம் போனான்.

மணி ஒன்று இருபது. ஆஸ்பத்திரி இன்னும் அரை மணி நேர தூரம்.

பக்கக் கண்ணாடியில் தம்பி தெரிந்தான். முதலில் தலையை வேகமாக ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல. பிறகு அசையாமல் நின்று கேட்டான். வெகுநேரம் கேட்டான். ஒரு தடவை சிரித்தான். அழுக்குக் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தன்னிடம் சொல்லாத எதை அக்கா அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? மாஸ்டர் ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கினார். தெருவின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நடந்த பிறகும் தன் கை ஜன்னலை இறக்கியதை அவர் பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மேலே ஏற்றவில்லை.